வில்லின் முதுகில் ஒரு தோல்

துணிக்கடையில் இரண்டு மீட்டர் காடாத் துணி கேளுங்கள். கடைக்காரர் அளந்துவிட்டு, விளிம்பில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார். பிறகு வெட்டின் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் துணி சர்ரென்று மறு விளிம்பு வரை நேராகக் கிழிந்துவிடும். அந்த வெட்டு இல்லாமல் அதே துணியை இழுத்துக் கிழிக்கச் சொன்னால் பயில்வானுக்கும் கை வலிக்கும். வெட்டில் அறுந்தவை சில நூல்கள்தான், மற்ற நூல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. துணியின் பலம் மட்டும் எங்கே போனது?

மரத்தால் வில் செய்கிறவர்களுக்கு இந்தப் புதிர் தலைகீழாக வருகிறது. வாரக்கணக்கில் சீவித் தேய்த்து, இரண்டு கிளைகளும் ஒன்றுபோல வளையும்படி ஆக்கிய வில்லின் மேல் அவர்களில் பலர் கடைசியில் மெல்லிய தோலை ஒட்டுகிறார்கள். வில்லின் கிளை 12 மில்லிமீட்டர் பருமன் என்றால் தோல் அரை மில்லிமீட்டர் இருக்கும். அதைத் தனியே பிடித்து இழுத்தால் மரத்தைவிட எளிதாக நீள்கிறது. சுமை தாங்குவதில் மரத்துக்கு அது ஈடே இல்லை. ஆனாலும், தோல் ஒட்டாமல் விட்டால் படீரென்று முறிந்திருக்கக்கூடிய வில், தோலோடு ஆண்டுக்கணக்கில் அம்பு எய்கிறது. வலுக்குறைந்த ஒன்று வலுமிக்க ஒன்றைக் காப்பாற்றுவது எப்படி?

விடைக்கு முன் வில் வளையும்போது அதற்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும் வைத்துக்கொள்வோம். நாணை இழுத்ததும் முதுகு நீள்கிறது, வயிறு சுருங்குகிறது. முதுகில் இழுவிசை, வயிற்றில் அமுக்குவிசை. இரண்டுக்கும் நடுவே நீளவும் நீளாமல் சுருங்கவும் சுருங்காமல் ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்கு நடுநிலைத் தளம் என்று பெயர். அதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறோமோ அவ்வளவு அதிகம் நீட்சி. ஆகவே மிக அதிகமான இழுவிசை விழுவது முதுகின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய அடுக்கின் மேல்தான். நல்ல மரவில்லை முழுதாக இழுக்கும்போது முதுகு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீள்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஆனால் மரம் தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில் அது நிற்கிறது.

இப்படி ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது என்பது இன்று பள்ளிப் பாடம். இதைக் கண்டுகொள்ள மனிதர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1638இல் வெளியான தன் நூலில் கலிலியோ, சுவரில் செருகிய உத்தரம் முறிவதை ஆராய்ந்தபோது அதன் குறுக்குவெட்டு முழுவதும் இழுவிசையையே தாங்குவதாக எடுத்துக்கொண்டார். பிரான்சின் துய்யமெல் து மோன்சோ 1767இல் வெளியிட்ட சோதனை பார்க்க எளிமையானது, ஆனால் தீர்க்கமானது. அவர் வில்லோ மரக் கட்டைகளின் மேல்பக்கத்தில், ஆழத்தில் பாதிவரைகூட, குறுக்கே அறுத்தார். அந்த அறுப்புக்குள் கடினமான மரச் சீவலை இறுக்கமாகச் செருகினார். பிறகு கட்டையின் இரு முனைகளையும் தாங்கிவைத்து நடுவில் சுமை ஏற்றினார். முழுக் கட்டை தாங்கிய சுமையை அறுபட்ட கட்டையும் தாங்கியது. மேல்பக்கத்து நார்கள் இழுபட்டிருந்தால் இது நடந்திருக்காது. அங்கே மரம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால்தான் செருகிய சீவலே போதுமானதாகிவிட்டது. அதே அறுப்பைக் கீழ்ப்பக்கத்தில் போட்டிருந்தால் கட்டை உடனே முறிந்திருக்கும்.

வில்லாளியின் தலைவலி முழுவதும் இந்தச் சோதனைக்குள் அடங்கியிருக்கிறது. வயிற்றில் உள்ள குறையை மரம் பொறுத்துக்கொள்கிறது. அளவுக்கு மீறி அமுக்கினால் நார்கள் மடங்கிச் சுருக்கம் விழும், வில் நாண் பக்கமாக நிரந்தரமாகச் சற்று வளைந்துபோகும், வேகம் குறையும். ஆனால் கையில் வில் இருக்கும். முதுகு அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒரு நார் விட்டால் அதன் பாரம் அடுத்த நாருக்குப் போகிறது, அது விட்டால் அதற்கடுத்ததற்கு. எல்லாம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. குறையில்லாத மரத்தை நார் ஓடும் திசையில் இழுத்துச் சோதித்தால், அமுக்கும்போது தாங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தாங்குகிறது. கணக்குப்படி பார்த்தால் வயிறுதான் முதலில் தோற்க வேண்டும். சிக்கல் ‘குறையில்லாத’ என்ற சொல்லில் இருக்கிறது. மரத்தின் இழுவலிமை நார்கள் அறுபடாமல் தொடர்ந்து ஓடுவதைப் பொறுத்தது. வில்லின் நீளத்துக்கு இணையாக ஓட வேண்டிய நார் சற்றே சாய்ந்து முதுகின் மேற்பரப்பில் வந்து முடிந்துவிட்டால், அந்த இடத்தில் நாரும் நாரும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிப்பு ஒன்றுதான் மிச்சம். அது மிகப் பலவீனமானது. அமெரிக்க வனத்துறை ஆய்வகத்தின் அளவீடுகளின்படி, பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நார் ஒரு சென்டிமீட்டர் விலகினால் மரத்தின் வளைவு வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் ஏறத்தாழப் பாதியே மிஞ்சுகிறது.

அதனால்தான் தேர்ந்த வில்செய்வோர் முதுகு முழுவதையும் ஒரே ஆண்டு வளையத்தின் மேற்பரப்பாக விட்டுவைக்கிறார்கள். கணு வந்தால் வளையத்தோடு சேர்ந்து மேடேறி இறங்குவார்கள், அதைத் தட்டையாக்கிவிடுவதில்லை. அமெரிக்காவில் வில்லுக்குப் பெயர்பெற்ற ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் இந்த வேலைக்கே ஒரு முழுநாள் போகும். (பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது நம் பலாவும் முசுக்கட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம்.) இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு இயற்கையே முதுகு அமைத்துக் கொடுத்திருந்தது. யூ மரத்தின் வெளிறிய சாற்றுக்கட்டை இழுவிசையை நன்கு தாங்கும். சிவந்த வைரக்கட்டை அமுக்குவிசையை நன்கு தாங்கும். இரண்டும் சேர்ந்த பகுதியில் வெட்டியெடுத்தால் ஒரே துண்டில் இரண்டு பொருள்கள். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட முழு வில்கள் இப்படியே கிடைத்தன. இப்படிப்பட்ட மரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கடையில் வாங்கிய பலகையில் வில் செய்கிறவருக்கு ஆண்டு வளையம் பலகை வெட்டிய வாளின் போக்கில்தான் அமைந்திருக்கும். நார் எங்காவது முதுகில் வந்து முடிந்தே தீரும். தோல் ஒட்டவேண்டிய தேவை எழுவது இங்கேதான்.

துணிக்கடைக்கு வருவோம். வெட்டு விழுந்த இடத்தில் அறுந்த நூல்கள் தாங்க வேண்டிய பாரம், துணி முழுவதற்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வெட்டின் நுனியில் நிற்கும் அந்த ஒற்றை நூலின் தலையில் பெரும்பகுதி விழுகிறது. அது அறுகிறது, நுனி அடுத்த நூலுக்கு நகர்கிறது. இதைத்தான் தகைவுக் குவிப்பு என்கிறோம். ஒரு பொருளின் பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை விழுகிறது என்பது தகைவு. கீறலின் நுனியில் அது பன்மடங்காகக் குவிகிறது. பொறியாளர் இங்கிலிஸ் 1913இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு குவிப்பு.

அப்படியானால் கூரிய கீறல் இருக்கும் பொருள் எல்லாமே உடனே உடைந்துவிட வேண்டுமே? உடைவதில்லையே! இந்த முடிச்சை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த ஏ.ஏ. கிரிஃபித் 1921இல் அவிழ்த்தார். கண்ணாடியை உருக்கி மேலும் மேலும் மெல்லிய இழைகளாக இழுத்து அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை ஏறிக்கொண்டே போனது. காரணம், மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. விரிசல் பரவ வேண்டுமென்றால் புதிய பரப்பு உண்டாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். வளைந்த பொருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் அந்தச் செலவை ஈடுகட்டினால் மட்டுமே விரிசல் ஓடும் என்று அவர் விளக்கினார். எளிமையாகச் சொன்னால், விரிசலுக்குத் தொடங்க ஓர் இடமும் வேண்டும், ஓடக் கைச்செலவும் வேண்டும். வில் என்பது ஆற்றலைச் சேர்த்துவைப்பதற்கென்றே செய்த பொருள். ஆகவே கைச்செலவுக்கு அங்கே குறைவில்லை. வில்செய்வோர் கட்டுப்படுத்தக்கூடியது தொடக்கத்தை மட்டும்தான்.

தோல் செய்யும் வேலையும் அதுதான். முதுகில் நார் வந்து முடியும் இடத்தில் விரிசல் எப்படித் தொடங்குகிறது என்று உற்றுப் பாருங்கள். நேராகக் குறுக்கே பிளப்பதில்லை. முதலில் ஒரு சிலும்பு நுனி தூக்குகிறது. அது மேலே எழ எழ அடியில் பிளவு நாரோடு உள்ளே இறங்குகிறது. இந்தச் சிலும்பின் மேல் தோல் ஒட்டியிருந்தால், அது எழும்ப வேண்டுமானால் தோலையும் தள்ளி நீட்ட வேண்டும், அல்லது பசையிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் செலவு. மரம் நூற்றில் ஒரு பங்கு நீண்டதுமே எல்லைக்கு வந்துவிடுகிறது. தோலோ அதைப்போலப் பல மடங்கு நீண்டாலும் அறாது. ஆகவே மரத்தில் விரிசல் திறந்தாலும் மேலே தோல் அறாமல் பாலம் போட்டு நிற்கிறது. வில்லை வளைக்கும் பாரத்தில் தோல் தாங்கும் பங்கு மிகச் சிறியது. ஒரே அளவு நீளும்போது விறைப்பான பொருள்தான் அதிகச் சுமை ஏற்கும், தோல் விறைப்பானதல்ல. ‘தோல் ஒட்டினால் வில்லுக்குப் பலம் கூடும்’ என்று பலர் நம்புவது தவறு. வில்லின் பலம் கூடுவதில்லை. முறிவு தொடங்குவது மட்டும் கடினமாகிறது.

இவ்வளவு நீளக்கூடிய, ஆனால் எளிதில் அறாத பொருள் எதனால் ஆனது? தோலின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அதன் கட்டமைப்பை விளக்கியதில் சென்னைக்கு முதன்மையான இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், கொலாஜன் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய மும்முறுக்கு வடிவம் என்று முன்வைத்து, அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மையாக்கினார்கள். கங்காருவின் வால் தசைநாணில் ஊடுகதிர்களைச் செலுத்தி, அவை சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து இந்த வடிவத்தைத் தேடிப் பிடித்தார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கும் இதில் விடை கிடைத்தது. மூன்று சங்கிலிகளும் நெருங்கிச் சந்திக்கும் நடு இடுக்கில் அதைவிடப் பெரியது எதுவும் நுழையாது. உலகம் முழுவதும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெறும் இந்தக் கண்டுபிடிப்பு கிண்டியில் நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தசைநாணும் கொலாஜன்தான், தோலும் கொலாஜன்தான். அடுக்கில்தான் வேறுபாடு. தசைநாணில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. தோலில் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கின்றன. இந்த வேறுபாடு வில்லில் பெரிய வேறுபாடாகிறது. அதைக் காட்ட ஒரு வில்லாளியின் கதை போதும். 1911 ஆகஸ்டில் வடக்குக் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் ஒரு மனிதர் தனியாக வெளிப்பட்டார். குடியேறியவர்களின் படுகொலைகளுக்குப் பின் யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி ஒருவர் அவர். தன் பெயரை அவர் வெளியாரிடம் சொல்லவில்லை. இஷி என்று அழைக்கப்பட்டார். அவர் மொழியில் மனிதன் என்று பொருள். 1916இல் காசநோயால் இறக்கும் வரை சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அங்கே அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருடைய நண்பரானார், அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார், கற்றதை 1918இல் எழுதி வெளியிட்டார். நமக்கு இன்று இஷியின் வில் பற்றித் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிவால்தான்.

இஷி மலை ஜூனிப்பர் மரத்தில் வில் செய்தார். மானின் தசைநாண்களை வாயில் மென்று மென்மையாக்கி, நார்நாராகப் பிரித்து, சால்மன் மீனின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் முதுகில் அடுக்கினார். தசைநாண் உலர உலரச் சுருங்கி வில்லை முதுகுப் பக்கமாக இழுக்கிறது. இதனால் மரத்தின் முதுகு நாண் ஏற்றுவதற்கு முன்பே சற்று அமுக்கப்பட்ட நிலையில் இருக்கும். இழுக்கும்போது முதலில் அந்த அமுக்கம் தீர்ந்த பிறகுதான் மரம் நீளத் தொடங்கும். அதோடு, ஒரே திசையில் ஓடும் இழைகள் தாமே ஆற்றலைச் சேர்த்துத் திருப்பித் தருகின்றன. ஆகவே தசைநாண் முதுகு வில்லின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. குதிரைமேல் வேட்டையாடிய அமெரிக்கச் சமவெளி மக்கள் மிகக் குட்டையான வில்களை அச்சமின்றி இழுக்க முடிந்தது இதனால்தான். பின்னிக் கிடக்கும் தோலால் இப்படி உந்தித் தர முடியாது. ஆனால் நீளவாக்கில் வரும் பிளவையும் குறுக்கே வரும் பிளவையும் அது ஒன்றுபோலத் தடுக்கும். தசைநாணுக்கு அந்தத் திறமை இல்லை.

எந்தத் தோலும் ஆகுமா? பதனிட்ட தோல் ஆகாது; செருப்புக்கும் பைக்கும் போகும் அந்தத் தோல் வளைந்து கொடுப்பதற்கென்றே வேதிப்பொருள்களால் மாற்றப்பட்டது. உலர்ந்தாலும் சுருங்கி இறுகாது. வில்லுக்கு வேண்டியது சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, கொழுப்புச் சுரண்டி, பதனிடாமல் காயவைத்த ஆட்டுத் தோலோ கன்றுத் தோலோ. பறையிலும் மிருதங்கத்திலும் ஏறும் தோல் வகை இதுவே. அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் ஈரம் வெளியேறுகிறது. கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவவிட்டுக்கொண்டிருந்த நீர் போனதும் இழைகள் நெருங்கிப் பிணைகின்றன, தோல் சுருங்கி விறைக்கிறது, ஒலி எழும்புகிறது. வில்லின் மேல் ஈரமாக ஒட்டிய தோல் உலரும்போது மரத்தை இறுகத் தழுவிக்கொள்வதும் இதே இயக்கம்தான். அமெரிக்காவில் பாம்புத் தோல் ஒட்டுவோர் பலர். அது அழகுக்கு ஆகும். முறிவைத் தடுக்கும் அளவுக்குப் பருமன் கிடையாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத் தோல் வணிகத்தைத் தடுக்கிறது, அதைத் தேடிப் போகவே வேண்டாம்.

இனி ஒட்டும் வேலை. முதுகை உப்புத்தாளால் தேய்க்கும்போது வில்லின் நீளவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும். குறுக்கே விழும் ஒவ்வொரு கோடும் கடைக்காரர் துணியில் போட்ட வெட்டுக்குச் சமம். பசை பிடிக்கட்டும் என்று நினைத்து முதுகில் குறுக்குக் கீறல்கள் போடுகிறவர், எதைத் தடுக்கத் தோல் ஒட்டுகிறாரோ அதைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார். விளிம்புகளையும் சற்று உருட்டிவிட வேண்டும். சிலும்பு கிளம்புவது பெரும்பாலும் கூரான ஓரங்களில்தான். பிறகு மரத்திலும் தோலிலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். பசை பிடிப்பதற்கு முதல் தேவை அது மேற்பரப்பில் பரவி நனைப்பது. எண்ணெய் இருந்தால் அது துளித்துளியாகத் திரண்டு நிற்கும்.

தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம், கொதிநீரில் கூடவே கூடாது. ஈரமான கொலாஜன் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மும்முறுக்கு அவிழத் தொடங்கிச் சட்டென்று சுருண்டுவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது. தோல் பதனிடும் தொழிலில் இந்தச் சுருங்கும் வெப்பநிலையே ஒரு சோதனை. குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். நம் தோல் பதனிடாதது, அதனால் தண்ணீரில் கை வைத்துப் பார்த்து இதமாக இருந்தால் போதும். ஊறிய தோலின் மீது நீர் வழியாதபடி துணியால் ஒற்றிவிட்டு, வில்லின் நடுவிலிருந்து முனை நோக்கி வழித்து ஒட்ட வேண்டும். வில்லின் நீளத்துக்கு ஒரே தோல் கிடைப்பது அரிது. இரண்டு பட்டைகளாக வெட்டி, கிளைகள் அதிகம் வளையாத கைப்பிடிப் பகுதியில் சேர்ப்பது வழக்கம். வளையும் இடத்தில் இணைப்பு வைக்கக் கூடாது. காற்றுக் குமிழ்களை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றிவிட்டு, பருத்தித் துணிப் பட்டையால் சுற்றிக் கட்டுகிறார்கள். பருத்திதான் வேண்டும், பிளாஸ்டிக் சுற்றினால் ஈரம் வெளியே போக வழி இருக்காது.

பசை எது? நம் பழைய தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசையே இந்த வேலைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் காய்ச்சினால் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து கூழ்மமாகிறது, ஆறினால் கட்டியாகிறது, நீர் வற்றினால் மரத்தைவிடக் கெட்டியாகப் பிடிக்கிறது. அதாவது, தோலை மரத்தில் ஒட்டுவதும் கரைந்த தோலேதான். இஷி மான் தசைநாணை மீன்தோல் பசையால் ஒட்டியபோதும் இதேதான் நடந்தது. ஒரே புரதத்தின் இரண்டு நிலைகள். வச்சிரத்தை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி அளவில் இளக்க வேண்டும். கொதித்தால் சங்கிலிகள் துண்டாகிப் பிடிப்புக் குறையும். இன்றைய வில்செய்வோர் பலர் ஃபெவிகால் போன்ற மரப்பசையே பயன்படுத்துகிறார்கள், அதுவும் நன்றாகவே பிடிக்கிறது. வச்சிரத்தின் ஒரு நன்மை, தவறிப்போனால் சூடான ஈரத் துணியை வைத்து இளக்கிப் பிரித்துவிடலாம். நம் பறையில் தோலை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை உண்டு. அது புரதம் அல்ல, சைலோகுளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி. வளரும் செடியின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளோடு பிணைந்து கிடப்பதும் இதே வகைப் பொருள். மரத்தோடு அது ஒட்டுவதில் வியப்பில்லை.

அடுத்து வருவது வில்செய்வோருக்கு மிகக் கடினமான வேலை: சும்மா இருப்பது. தோலும் பசையும் கொண்டுவந்த நீர் மரத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். ஈரமான வில்லை இழுத்தால் வயிறு அமுங்கி நிரந்தர வளைவு விழும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், கையை நம்பக் கூடாது. இதற்குச் சமையலறைத் தராசே சிறந்த கருவி. தோல் ஒட்டும் முன் வில்லை நிறுத்து எழுதிவையுங்கள். ஒட்டியபின் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுங்கள். எடை முதலில் வேகமாகக் குறையும், பிறகு மெதுவாக, பிறகு நின்றுவிடும். நின்ற பிறகும் இரண்டொரு நாள் பொறுத்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தோலை அரத்தால் தேய்த்துவிட்டு, இரு கிளைகளும் சமமாக வளைகின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது மேற்பூச்சு. மெருகு அழகுக்காக என்று நினைப்பவர்கள் தோல் ஒட்டிய வில்லை ஒரு மழைக்காலம் வெளியில் வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். பதனிடாத தோல் நீரை உறிஞ்சும், இளகும், வச்சிரத்தால் ஒட்டியிருந்தால் கழன்றே வந்துவிடும். மரமும் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக நிலைத்திருந்தால் மரத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர் நிற்கும். 80 விழுக்காடானால் அது 16 ஆகும். ஈரம் ஏறினால் வில் சோர்ந்துவிடும். மிகக் காய்ந்தால் முதுகு வெடிக்கும். வில்லுக்கு ஏற்றது 8 முதல் 10 விழுக்காடு வரை.

எந்தப் பூச்சும் இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. எது எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் அளந்து பார்த்திருக்கிறது. ஒரே மரத்தின் துண்டுகளுக்கு வெவ்வேறு பூச்சுப் பூசி, ஈரமான அறையில் வைத்து, நாளுக்கு நாள் எடை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். மரவேலைக்காரர்கள் மிகவும் நேசிக்கும் ஆளிவிதை எண்ணெய் நீராவியைத் தடுப்பதில் மிக மோசம் என்று தெரிந்தது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியது மிகச் சிறப்பாக நின்றது. அரக்குப் பூச்சு நீராவியை நன்றாகவே தடுக்கிறது, ஆனால் தண்ணீர் பட்டு நின்றால் வெளுத்துப் போகும். பல அடுக்கு வார்னிஷ் நடுத்தரம். ஆகவே அரக்கை முதல் பூச்சாகவும், நீளக்கூடிய வார்னிஷை அதன் மேலும் பூசுவது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம்.

‘நீளக்கூடிய’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகோடு ஒட்டியிருக்கும் பூச்சும் ஒவ்வோர் இழுப்புக்கும் நூற்றில் ஒரு பங்கு நீண்டாக வேண்டும். கெட்டியான, நொறுங்கும் பூச்சு மெல்லிய குறுக்குக் கோடுகளாக வெடிக்கும். அதன் வழியாக ஈரம் நுழையும். இந்தக் குறையையே பொறியாளர்கள் ஒரு காலத்தில் கருவியாக்கினார்கள். எந்திர உறுப்பின் மேல் வேண்டுமென்றே நொறுங்கும் பூச்சைப் பூசிச் சுமை ஏற்றினால், எங்கே அதிகம் நீள்கிறதோ அங்கே முதலில் கோடுகள் விழும். கணினி வருவதற்கு முன் தகைவு எங்கே குவிகிறது என்று கண்ணால் காண அது ஒரு வழி. வில்லின் பூச்சில் ஓரிடத்தில் மட்டும் கோடுகள் நெருங்கி விழுந்தால், அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகம் வளைகிறது என்று அதே முறையில் படிக்கலாம்.

பூச்சை முதுகில் மட்டும் பூசிவிட்டு நிறுத்தக் கூடாது. வயிறு, பக்கங்கள், கைப்பிடித் துணிக்கு அடியில் இருக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் வேண்டும். நாண் மாட்டும் முனைகளுக்கு இரண்டு பூச்சு கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் அறுபட்ட நார்களின் வாய் திறந்திருக்கும் அந்த முனைகளில்தான் நீர் மிக வேகமாக ஏறுகிறது. ஆனால் தடிமனாகப் பூசிவிடக் கூடாது. அம்பை விட்டதும் வில்லின் முனைகள் மிக வேகமாகப் பாய்கின்றன. அங்கே ஏறும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்றுவிடும். தோலையும் முனையை நோக்கி ஒடுக்கமாக வெட்டுவது இதற்காகத்தான். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். துணியை விரித்துக் காயவிடுங்கள், இல்லையேல் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தோல் எதைச் செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும். கிளையில் ஓரிடம் மட்டும் அதிகம் வளைந்தால் அதைத் தோல் திருத்தாது. நார் ஐந்துக்கு ஒன்று சாய்ந்த பலகையைத் தோல் காப்பாற்றாது. அதை விறகாக்குவதே நல்லது. வயிறு நசுங்குவதைத் தோல் தடுக்க முடியாது, அது இருப்பது மறுபக்கத்தில். நல்ல மரமும் பொறுமையான சீவலும் முதலில் வேண்டும். அதன் பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குறை எஞ்சியிருக்கலாம் என்ற ஐயத்துக்குத்தான் தோல்.

ஒரு விலையும் உண்டு. முதுகை மூடிவிட்டதால் கீழே மரத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தோல் ஒட்டிய வில் வைத்திருப்பவர்கள் எய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் முதுகில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு மேடு, நீளவாக்கில் ஒரு கோடு, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் ஓரிடம், இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வில்லுக்கு மீண்டும் நாண் ஏற்றாதீர்கள்.